மிருதங்க ஒலியும் உயர்பிரிதிறன் அதிர்வெண் மதிப்பீடும்

முன்னுரை

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டிலிருந்து வடக்கே சென்று காவிரியைக் கடந்தால் திருவானைக்காவலை அடையலாம். அங்கு 1888ஆம் ஆண்டு பிறந்த சி.வி. இராமன், மிருதங்க வலந்தலையின் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமைவதை 1920, 1934ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் விளக்கினார். நடுவிலுள்ள கரணையின் எடையால் தோலின் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து இசைச்சுரங்களாகத் திரள்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. அவ்வாறெனில் ஒரே சுரத்திற்குள் இரண்டு அல்லது மூன்று அதிர்வு முறைகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றைக் கணினிவழிப் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ஃபூரியர் உருமாற்றத்தின் எல்லை

பிரிதிறன் பதிவுக்காலத்தின் தலைகீழ் அளவினது. நொடிக்கு 44,100 மாதிரிகள் வீதம் 0.1 நொடி பதிந்தால் 4,410 மாதிரிகள் கிடைக்கும்; பிரிதிறனோ ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸ். எடுத்துக்காட்டாக, 450, 454 ஹெர்ட்ஸ் ஆகிய இரு அதிர்வுகள் அலைமாலையில் ஒரே முகடாகத் தோன்றும். அவற்றின் விம்மல் ஒரு சுற்று நிறைவுற 0.25 நொடி தேவை. மிருதங்கச் சொல்லோ அதற்குள் தேய்ந்துவிடலாம். தரவின் இறுதியில் சுழியங்களைச் சேர்ப்பதால் வளைகோடு வழவழப்பாகுமேயன்றிப் பிரிதிறன் கூடாது. தனித்த ஓர் அதிர்வெண்ணைத் துல்லியமாக அளப்பது வேறு. நெருங்கிய இரண்டைப் பிரிப்பது வேறு. முன்னதற்கு முகட்டருகே இடைச்செருகல் கணக்கீடே போதுமானது.

மாதிரியுரு வழி

தேய்ந்தடங்கும் சைன் அலைகளின் கூட்டுத்தொகையே ஒலி எனக் கொண்டால், ஒவ்வொரு மாதிரியையும் அதற்கு முந்தைய சில மாதிரிகளின் நேரியல் சேர்க்கையாக எழுதலாம். இரண்டு அலைகளுக்கு நான்கு கெழுக்கள் போதும். அக்கெழுக்களாலான பல்லுறுப்புக் கோவையின் மூலங்கள் அதிர்வெண்ணையும் தேய்வு வீதத்தையும் ஒருசேரத் தரும். 1795இல் புரோனி தந்த இக்கருத்தின் வழியிலேயே, இரைச்சலைத் தனி உள்வெளியாகப் பிரிக்கும் மியூசிக் (ஷ்மிட், 1986), எஸ்பிரிட் (ராய், கைலாத், 1989) ஆகிய முறைகள் அமைந்தன.

இம்முறைகளுக்கும் விலை உண்டு. அலைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொண்டால் இரண்டு ஒன்றாகிவிடும். கூட்டிக் கொண்டால் இல்லாத அதிர்வெண் தோன்றும். அமைதியான அறையில் பிரியும் இரண்டு அதிர்வுகள், காந்தி மார்க்கெட் கடைவீதியின் இரைச்சலில் பதிந்தால் பிரியாமற் போகலாம்.

முடிவுரை

அலைமாலையில் ஒரு முகடு மட்டும் தென்படுவது, அதிர்வு முறைகள் ஒன்றிவிட்டன என்பதற்குச் சான்றாகாது. எனவே மிருதங்க ஒலியாய்வில் பதிவுக்காலம், இரைச்சல் விகிதம், கொண்ட அலைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் முடிவுடன் சேர்த்தே குறிப்பிடுதல் வேண்டும்.