சிலிண்டர் எப்போது தீரும்? கோட்டைக் கேளுங்கள்

வீட்டுச் சிலிண்டரில் நிரப்பித் தரும் எரிவாயு 14.2 கிலோ. தினமும் ஒரே அளவில் சமையல் நடக்கும் வீடு என்று வைத்துக்கொள்வோம். (தீபாவளியும் விருந்தாளிகளும் வேண்டாம்; வந்தால் கோடு வளைந்துவிடும்.) எக்ஸ் அச்சில் நாள், ஒய் அச்சில் மிச்சமுள்ள கிலோ. வரைபடத் தாளில் வலப்பக்கம் இறங்கும் நேர்கோடு ஒன்று கிடைக்கும்.

அந்தக் கோடு ஒய் அச்சை வெட்டும் இடம் 14.2. இதுதான் ஒய் வெட்டுத்துண்டு. அங்கே நாள் பூஜ்யம், அதாவது புதுச் சிலிண்டரை மாட்டிய நேரம். எக்ஸ் அச்சை வெட்டும் இடம் 35.5. இது எக்ஸ் வெட்டுத்துண்டு. அங்கே மிச்சம் பூஜ்யம். 36ஆம் நாள் பாதியில் அடுப்பு அணைந்துவிடும்.

சாய்வுக்கு, கோட்டில் பிசிறில்லாமல் படிக்க முடிகிற இரண்டு புள்ளிகள் போதும். (3, 13), (33, 1) என்று எடுப்போம். 30 நாளில் 12 கிலோ குறைந்திருக்கிறது. −12ஐ 30ஆல் வகுத்தால் −0.4. நாளுக்கு 400 கிராம் செலவு என்று பொருள். மைனஸை விட்டுவிட்டால், சமைக்கச் சமைக்க சிலிண்டர் நிரம்புகிறது என்றாகிவிடும்!

மாணவர்கள் அதிகம் சறுக்குவது அளவுத்திட்டத்தில்தான். எக்ஸ் அச்சில் 1 செ.மீ.க்கு 5 நாள், ஒய் அச்சில் 1 செ.மீ.க்கு 2 கிலோ என்று போட்டால், கோடு ஒரு கட்டம் நகர ஒரு கட்டம் இறங்கும். பார்வைக்குச் சரியாக 45 பாகை. கட்டத்தை மட்டும் எண்ணுகிறவர் சாய்வு −1 என்று எழுதிவிடுவார். அது தினமும் ஒரு கிலோ, கல்யாண மண்டபச் செலவு. கட்டத்தை எண்ணலாம், ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன மதிப்பு என்பதைப் பெருக்கிய பிறகே வகுக்க வேண்டும்.

இன்னொன்று. சிலிண்டரின் மேலேயே அதன் காலி எடை எழுதியிருக்கும். அது 15.3 கிலோ என்றால், சிலிண்டரோடு சேர்த்து எடை போடுகிறவரின் கோடு 29.5இல் தொடங்கும். சாய்வு அதே −0.4தான், கோடு இணையாக மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் அதை நீட்டினால் எக்ஸ் அச்சை 73.75இல் வெட்டும். நம்பிவிடாதீர்கள், இரும்பு எரியாது.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு: ஒய் வெட்டுத்துண்டை எக்ஸ் வெட்டுத்துண்டால் வகுத்து மைனஸ் போடுங்கள். 14.2ஐ 35.5ஆல் வகுத்தால் 0.4 வருகிறது. உங்களுக்கு ஒத்துவராவிட்டால், வகுத்தலைக் குறைசொல்லும் முன் அச்சில் படித்த எண்களை மறுபடி பாருங்கள்.