40 எப்படி 5 ஆகிறது?

டெலிபோன் கம்பிக்கு ஒரு கணக்கு. கம்ப்யூட்டருக்கு வேறு கணக்கு!

காரைக்காலில் கோவில்பத்து. தேவாரத்தில் திருத்தெளிச்சேரி என்று பாடப்பட்ட பார்வதீஸ்வரர் கோவில் இருக்கும் ஊர். அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகன் பிரான்சு நாட்டில் இருக்கிறார். பேத்தியின் கல்யாணம் அங்கேயே நடந்துவிட்டது. பாட்டியால் போக முடியவில்லை. கல்யாணப் படத்தை இண்டர்நெட்டில் அனுப்பியிருக்கிறார் மகன்.

படத்தின் அளவு 3 கிகா. அதாவது 3,000 மெகா. வீட்டு இணைப்பின் வேகம் வினாடிக்கு 40 மெகா.

"3,000-ஐ 40-ஆல் வகுத்தால் 75. ஒன்றேகால் நிமிடத்தில் வந்துவிடும் பாட்டி!" என்கிறான், பள்ளிக்கூடம் போகும் பேரன்.

பாட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். ஒன்றேகால் நிமிடம் போயிற்று. ஐந்து நிமிடமும் போயிற்று. படம் பாதிதான் வந்திருக்கிறது. திரையில் வேகம் 40 என்று இல்லை. வெறும் 5!

"40-க்குப் பணம் வாங்கிக்கொண்டு 5 கொடுக்கிறார்களே, இது அடுக்குமா?" என்று வீட்டில் ஒரே கோபம்.

இணைப்புக் கொடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. 40-ம் சரி, 5-ம் சரி!

நாழியும் குறுணியும்

பழைய நெல் அளவையில் 8 நாழி சேர்ந்தால் ஒரு குறுணி. கொடுத்தவர் 40 நாழி என்கிறார். வாங்கியவர் 5 குறுணி என்கிறார். நெல் ஒன்றுதான்.

இங்கும் அதே கதை. கம்பியில் ஓடும் செய்தி, விளக்கை ஏற்றி அணைப்பது போன்ற துடிப்புகளாகப் போகிறது. ஒரு துடிப்புக்கு ஒரு 'பிட்' என்று எண்ணுவது டெலிபோன்காரர் வழக்கம். கம்ப்யூட்டருக்கு அது போதாது. எழுத்தைச் சேர்த்து வைக்க 8 பிட்டை ஒரு கட்டாகக் கட்டுகிறது. அந்தக் கட்டுக்குப் பெயர் 'பைட்'. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். இன்று பரவலாக உள்ள முறையில், தமிழ் 'க'வுக்கு 3 பைட் வேண்டும். 'கொ' என்றால் 6!

ஆகவே 40 மெகா பிட் என்பதை 8-ஆல் வகுக்க வேண்டும். 5 மெகா பைட். இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே 'பி' எழுத்தால் குறிக்கிறார்கள். சின்ன 'பி' என்றால் பிட். பெரிய 'பி' என்றால் பைட். இப்படி ஒரு குறியை யார் கண்டுபிடித்தார்களோ, ஊரெல்லாம் சண்டை!

1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அந்த மொழியில் இந்தக் குழப்பம் கிடையாது. பைட்டை அவர்கள் 'ஒக்தே' என்பார்கள். எட்டு என்ற எண் பெயரிலேயே இருக்கிறது. படம் 3 கிகா ஒக்தே என்று மகன் சொல்லி அனுப்பியிருந்தால், பேரன் ஒருவேளை யோசித்திருப்பான்.

களத்திலேயே கூலி

எப்போதும் 8-ஆல் வகுத்தால் போதுமா? அதுதான் இல்லை.

அறுவடை முடிந்ததும் களத்து மேட்டிலேயே கூலி நெல் அளப்பது உண்டல்லவா? விளைந்தது எல்லாம் வீடு வந்து சேராது. கம்பியிலும் கூலி உண்டு. கம்ப்யூட்டரையும் உள்ளே இருக்கும் 'ஹார்ட் டிஸ்க்'கையும் சேர்க்க 'சாட்டா' என்று ஒரு கம்பி இருக்கிறது. முதலில் வந்த சாட்டாவின் வேகம் வினாடிக்கு 1,500 மெகா பிட். 8-ஆல் வகுத்தால் 187 மெகா பைட்டுக்கு மேல் வர வேண்டும். வருவது 150 தான். அதில் ஓடும் ஒவ்வொரு 10 பிட்டிலும் 8 தான் சரக்கு. மற்ற 2, சரக்கு பிசகாமல் போய்ச் சேருவதற்கான கூலி. அங்கே 10-ஆல் வகுக்க வேண்டும்.

டெலிபோன் நிலையங்களுக்கு இடையே போடப்பட்ட 'ஈ-1' என்ற பழைய இணைப்பும் அப்படியே. அதில் 32 அறைகள். 30 அறைகளில் பேச்சு போகும். இரண்டு அறைகள் நிர்வாகத்துக்கு! அதன் மொத்த வேகம் 2.048 மெகா பிட். 8-ஆல் வகுத்தால் 256 கிலோ பைட். 30 பேர் ஒரே சமயத்தில் பேசிய அந்த இணைப்பு முழுவதையும் கொடுத்தாலும், ஒரு பழைய பிளாப்பி தகட்டில் உள்ளதை அனுப்ப 6 வினாடி பிடிக்கும்.

இன்னொரு வம்பும் உண்டு. கிலோ என்றால் ஆயிரம். கம்ப்யூட்டரோ பல இடங்களில் 1,024-ஐக் கிலோ என்று கணக்கிடுகிறது. அதனால்தான் 1,000 கிகா என்று அச்சிட்ட டிஸ்க்கை மாட்டினால் பல கம்ப்யூட்டர்களில் 931 என்று காட்டுகிறது. கடைக்காரர் 69 கிகாவைத் திருடவில்லை!

26 மணி நேரம்!

2004-ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் வகுத்த கொள்கைப்படி, 256 கிலோ பிட் வேகம் இருந்தாலே 'பிராட்பேண்ட்'. அதாவது 32 கிலோ பைட். அந்த வேகத்தில் பாட்டியின் படம் வந்து சேர 26 மணி நேரம் ஆகியிருக்கும். 2023-ல் அந்த வரம்பு 2 மெகா பிட் ஆக உயர்ந்தது.

சென்னையிலிருந்து வங்கக் கடலுக்கு அடியில் அந்தமானுக்குக் கேபிள் போட்டு, 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ந் தேதி திறந்தார்கள். சென்னைக்கும், அப்போது போர்ட் பிளேர் என்று பெயர் பெற்றிருந்த நகருக்கும் இடையே அறிவித்த வேகம் 400 கிகா பிட். 50 கிகா பைட்! 1,000 கிகா டிஸ்க் ஒன்றில் கொள்ளும் சரக்கு 20 வினாடியில் கடலைக் கடந்துவிடும். ஆனால் கரையில் அதை வாங்கி வைக்க, முதல் சாட்டா டிஸ்க்குகள் 333 வரிசையாக நின்றாலும் போதாது.

கோவில்பத்து வீட்டில், சரியாகப் பத்தாவது நிமிடம் படம் வந்து சேர்ந்தது. அத்தை வீட்டுக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார் பாட்டி. பேரன் பழைய பென் டிரைவை எடுத்தான். அதன் அட்டையில் 480 மெகா என்று போட்டிருந்தது. இந்தத் தடவை அவன் வாயைத் திறக்கவில்லை. முதலில் 'பி' சின்னதா, பெரியதா என்று பார்த்தான்.