வளர்த்த பிள்ளைகள் மூவர்

(தொடர் கட்டுரை: 9)

1919-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்னும் பேஸ்பால் கழகத்தின் அதிபர் ஹாரி ஃப்ரேஸி, பேப் ரூத் என்ற மகா ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸ் கழகத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்ற வரலாற்றைச் சென்ற வாரம் சொல்லி நிறுத்தினேன். விலைப்பணம் போதாதென்று மூன்று லட்சம் டாலர் கடனும் வாங்கி, அதற்கு ஈடாகத் தமது ஃபென்வே பார்க் மைதானத்தையே வைத்த அந்த மனிதருடைய பெயர், அந்நகர மக்களின் நாவில் பல தலைமுறைகளுக்கு வசைச்சொல்லாக வழங்கிற்று. 1918-இல் உலகத் தொடரை வென்றிருந்த கழகம் அதை மறுபடியும் வெல்வதற்கு 86 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆயினும், நாடகத் தொழிலில் பணத்தை முடக்கியிருந்த ஃப்ரேஸிக்கு முடை இருந்தது என்று அவர் சார்பில் ஒரு வார்த்தை சொல்ல இடமுண்டு. அப்படிப்பட்ட முடை ஏதும் இல்லாத நிலையில், அதே கழகம், அதே மைதானத்தில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து எடுத்த தீர்மானத்தையும், அதனால் நேர்ந்த விளைவுகளையுமே இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

2018-ஆம் ஆண்டில் 108 ஆட்டங்களில் வென்று, உலகத் தொடரையும் கைப்பற்றிய பாஸ்டன் அணியில், கழகத்தின் சொந்த நாற்றங்காலிலேயே முளைத்து வளர்ந்த மூன்று இளைஞர்கள் இருந்தார்கள். டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரத்துப் பிள்ளையான மூக்கி பெட்ஸ், கழகங்கள் முறைவைத்து இளைஞர்களை எடுத்துக்கொள்ளும் 2011-ஆம் ஆண்டுத் தேர்வில் ஐந்தாம் சுற்று வரையில் யாராலும் பொருட்படுத்தப்படாமல் இருந்து, 172-ஆவது ஆளாகப் பாஸ்டனிடம் வந்து சேர்ந்தவர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். அரூபா என்ற சின்னஞ்சிறு தீவிலிருந்து பதினாறு வயதில் வந்தவர் ஸாண்டர் போகார்ட்ஸ். டொமினிக்கன் குடியரசிலிருந்து அதே பதினாறு வயதில் வந்தவர் ரஃபேல் டெவர்ஸ். வலது புறத்து வெளிக்களத்தைப் பெட்ஸும், ஷார்ட்ஸ்டாப் என்னும் இடத்தைப் போகார்ட்ஸும், மூன்றாம் பேஸை டெவர்ஸும் காத்து நின்ற அந்தக் காட்சியைக் கண்ட அபிமானிகள், இனிப் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று நினைத்ததில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூவரில் ஒருவர்கூட இன்று பாஸ்டனில் இல்லை.

இதன் காரணத்தை அறிய வேண்டுமானால் அமெரிக்க நாட்டு ஆட்டக்காரர்களின் கூலிமுறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மேல்நிலைக் கழகத்தில் ஓர் ஆட்டக்காரர் காலடி வைத்த நாள் முதல் ஆறு வருஷ சேவை நிறைவெய்தும் வரையில் அவர் அந்தக் கழகத்துக்கே உரியவர். முதல் மூன்று வருஷம் கழகம் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த மூன்று வருஷம், மனம் ஒவ்வாவிட்டால் மத்தியஸ்தர் முன்பு வழக்காடி ஊதியத்தை உயர்த்திக் கேட்கலாம். அதன்பின் அவர் சுதந்திர புருஷர், எந்தக் கழகத்தின் கதவையும் தட்டலாம். ஆகையால் ஐந்தாம் வருஷம் முடியும் தறுவாயில் ஒவ்வொரு கழகத்துக்கும் தர்மசங்கடம் வந்து நிற்கிறது: பெருந்தொகை கொடுத்து நீண்ட ஒப்பந்தத்தால் அவரைக் கட்டிப்போடுவதா, விலை இருக்கும்போதே மற்றொரு கழகத்துக்கு மாற்றிக் கொடுத்து நாலு இளம் ஆட்டக்காரர்களைப் பெற்றுக்கொள்வதா, அல்லது கடைசி வருஷத்தையும் ஆடவிட்டு வெறுங்கையோடு வழியனுப்புவதா?

பெட்ஸ் விஷயத்தில் இந்தச் சங்கடம் மிகக் கூர்மையாக எழுந்தது. 2018-இல் அவருடைய அடிவிகிதம் .346, ஹோம் ரன் 32, திருடிய பேஸ்கள் 30, லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கே. 2020-ஆம் ஆண்டுக்கு மட்டும் 2 கோடியே 70 லட்சம் டாலர் என்று ஜனவரியில் ஊதியம் நிச்சயமாயிற்று. மத்தியஸ்த உரிமை பெற்ற ஆட்டக்காரர் எவரும் அதுவரை அவ்வளவு பெற்றதில்லை. பத்து வருஷத்துக்கு 30 கோடி தருவதாகக் கழகம் சொன்னதென்றும், பன்னிரண்டு வருஷத்துக்கு 42 கோடி வேண்டுமென்று அவர் கேட்டாரென்றும் அக்காலத்தில் பத்திரிகைகள் எழுதின. இன்னொரு நெருக்கடியும் இருந்தது. கழகங்களின் மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைக் கடந்தால், கடந்த தொகைக்கு ஆடம்பர வரி கட்ட வேண்டும். மூன்றாவது வருஷமும் தொடர்ந்து கடந்தால் வரி நூற்றுக்கு ஐம்பது. 2018-இலும் 2019-இலும் வரம்பைக் கடந்திருந்த பாஸ்டனுக்கு, 2020-ஆம் ஆண்டின் வரம்பாகிய 20 கோடியே 80 லட்சத்துக்குள் அடங்க வேண்டுமென்ற எண்ணம் உண்டாயிற்று.

கழகத்தாரின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முப்பது வயதைத் தாண்டிய ஆட்டக்காரரின் கால்களுக்குப் பன்னிரண்டு வருஷத்துச் சம்பளத்தை முன்கூட்டி எழுதிக் கொடுப்பது துணிச்சலான காரியம். நட்சத்திரத்தை விற்று நன்மை அடைந்த அனுபவமும் இதே கழகத்துக்கு உண்டு. 1999, 2000 ஆகிய இரு ஆண்டுகளிலும் அடிவிகிதத்தில் முதலிடம் பெற்று, ஊர் முழுவதும் கொண்டாடிய நோமார் கார்சியபாரா, கொடுத்த ஒப்பந்தம் போதாதென்று மனத்தாங்கலோடு இருந்தார். 2004 ஜூலை 31-ஆம் தேதி அவரைச் சிக்காகோவுக்கு அனுப்பிவிட்டு, களத்தடுப்பில் வல்லவர்களான ஆர்லாண்டோ கப்ரேரா, டக் மின்கேவிச் ஆகிய இருவரைப் பாஸ்டன் பெற்றுக்கொண்டபோது ஜனங்கள் கொதித்தார்கள். மூன்று மாதம் கழிவதற்குள், 86 வருஷத்துத் தாகத்தைத் தீர்த்த உலகத் தொடரின் கடைசிப் பந்து போய் விழுந்தது அந்த மின்கேவிச்சின் கையுறைக்குள்ளேதான். விற்றவர்கள் எல்லோரும் ஃப்ரேஸிகள் ஆகிவிடுவதில்லை.

எனினும் 2004-இல் அணியின் களத்தடுப்பு நொண்டியது. அந்தக் குறையைத் தீர்க்க விற்றார்கள். 2020-இல் தீர்க்க வேண்டிய குறை கணக்குப் புத்தகத்தில் இருந்ததே தவிர ஆடுகளத்தில் இல்லை. அந்தப் பிப்ரவரியில் பெட்ஸையும், அவரோடு டேவிட் பிரைஸ் என்ற முதிய பந்தெறிவாளரையும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து, பிரைஸின் பாக்கிச் சம்பளத்தில் பாதியைத் தானே சுமந்துகொண்டு, அலெக்ஸ் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் என்ற மூன்று இளைஞர்களைப் பாஸ்டன் வாங்கிக்கொண்டது. டவுன்ஸ் ஒருசில ஆட்டங்களே ஆடிவிட்டு, 2022 இறுதியில் பைசா விலையின்றி வேறு கழகத்துக்குப் போனார். வெர்டூகோ மறு வருஷம் யாங்கீஸுக்கு மாற்றப்பட்டார். டாட்ஜர்ஸோ, தம் சட்டையை அணிந்து பெட்ஸ் ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே, ஜூலை மாதத்தில், பன்னிரண்டு வருஷத்துக்கு 36 கோடியே 50 லட்சம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அந்த அக்டோபர் 27-ஆம் தேதி ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே ஒரு ரன் முன்னிலை. அதுவரை டாட்ஜர்ஸை அசையவிடாமல் கட்டிவைத்திருந்த பிளேக் ஸ்னெல்லை அவருடைய மேலாளர் வெளியே அழைத்துக்கொண்டார். ஸ்னெல் நம்ப முடியாத முகத்தோடு நடந்து போனார். அடுத்து மட்டையோடு வந்தவர் பெட்ஸ். இடப்புறக் கோட்டை ஒட்டி ஓர் அடி. இரண்டாம் பேஸில் போய் நின்றார். பந்தெறிவாளர் கைதவறி எறிந்த ஒரு பந்தில் முன்னே இருந்தவர் ஓடிவந்து ரன் சமமாயிற்று. பெட்ஸ் மூன்றாம் பேஸுக்கு வந்தார். அடுத்த அடி முதல் பேஸ்காரரின் கைக்கே நேராகச் சென்ற சாதாரணத் தரைப்பந்துதான். ஆனால் பந்து மட்டையில் பட்ட ஓசை காதில் விழுவதற்குள் பெட்ஸ் பாதித் தூரத்தில் இருந்தார், எறிந்த பந்து வந்து சேர்வதற்குள் தரையோடு தரையாகச் சறுக்கி வீடு சேர்ந்துவிட்டார். எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன்னும் அடித்து முடித்துவைத்தார். கிடைத்த அரைக் கணத்தைப் பற்றிக்கொள்ளும் அந்தப் புத்தியை எந்தக் கணக்கர் எந்தப் பத்தியில் எழுதுவார்? 2020, 2024, 2025 என்று மூன்று முறை டாட்ஜர்ஸ் உலகத் தொடரை வென்றுவிட்டார்கள். பாஸ்டன் 2020-லிருந்து நான்கு வருஷங்களில் மூன்று முறை தன் பிரிவின் கடைசி இடத்தில் கிடந்தது.

போகார்ட்ஸின் கதையைச் சுருக்கியே சொல்லலாம். அவர் ஊதியத்தில் விட்டுக்கொடுத்து, ஆறு வருஷத்துக்கு 12 கோடி டாலருக்கு 2019-இலேயே ஒப்புக்கொண்டவர். 2022-க்குப் பிறகு விரும்பினால் விலகலாம் என்பது ஒரு நிபந்தனை. அந்த 2022 வசந்தத்தில், இன்னும் ஓர் ஆண்டும் 3 கோடி டாலரும் சேர்த்துத் தருவதாகக் கழகம் சொன்னதென்று கேள்வி; அதோடு நில்லாமல், டிரெவர் ஸ்டோரி என்ற மற்றொரு ஷார்ட்ஸ்டாப்பை 14 கோடிக்குக் கொண்டுவந்து அவர் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். பத்து வருஷம் வீட்டுப் பிள்ளையாக இருந்தவர் அந்தக் குறிப்பைப் புரிந்துகொள்ளாமலா இருப்பார்? டிசம்பரில் சான் டியேகோ பதினொரு வருஷத்துக்கு 28 கோடி என்றது, போய்விட்டார். அந்தத் தொகை மிகையானது என்பது என் கருத்து. டிசம்பரில் அதற்கு ஈடாகக் கொடுக்க மறுத்ததற்காகக் கழகத்தைக் குறை கூற மாட்டேன். மார்ச் மாதத்தில் செய்த கருமித்தனமே குற்றம்.

மூன்றாமவர் டெவர்ஸ். 2023 ஜனவரி 2-ஆம் தேதி ஃபென்வே பார்க்கில் பனிக்கட்டித் தளம் அமைத்து ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்று நடந்தது. பேஸ்பாலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை; ஆனாலும் கழக அதிபர் ஜான் ஹென்றி தலை காட்டியபோது, கூட்டம் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. பெட்ஸும் போகார்ட்ஸும் போன துயரம் பனியிலும் குளிர்ந்துவிடவில்லை. இரண்டு நாளில், டெவர்ஸுக்குப் பத்து வருஷம், 31 கோடியே 35 லட்சம் டாலர் என்ற செய்தி வெளிவந்தது. அந்தக் கூச்சல்தான் காரணம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பேச்சுவார்த்தை முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆனால், இருவரை இழந்த பாவத்துக்கு மூன்றாமவரிடம் செய்த பிராயச்சித்தம் என்றே ஊரார் அதை ஏற்றுக்கொண்டார்கள். பிராயச்சித்தமாகக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஒரு தீங்கு உண்டு: கொடுப்பவர் தம் மனச்சுமையை இறக்கிவைக்கிற அவசரத்தில், வாங்குபவர் எத்தகைய மனிதர், நாளைக்கு அவரிடம் என்ன கேட்கப்போகிறோம் என்பவற்றை உட்கார்ந்து பேசுவதில்லை.

அந்தப் பேச்சு 2025-இல் காலங்கடந்து வந்தது. அலெக்ஸ் பிரெக்மன் என்ற மூன்றாம் பேஸ்காரரைக் கழகம் புதிதாகக் கொண்டுவந்து, டெவர்ஸைக் களத்தில் இறங்காமல் அடிப்பதற்கு மட்டும் வரச் சொன்னது. மூன்றாம் பேஸ் என்னுடைய இடம் என்று முதலில் மறுத்து, பிறகு மனமின்றி இசைந்தார். மே மாதத்தில் முதல் பேஸ்காரர் முழங்கால் தசைநாண் கிழிந்து விழுந்தபோது, அங்கே போய் நில் என்றார்கள். முடியாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அதிபரே விமானமேறிக் கன்சாஸ் சிட்டிக்குச் சென்று அவரைச் சந்தித்தும் பிளவு ஆறவில்லை. அணிக்காக இறங்கிவராதது அவர் பிழைதான். மூன்றாம் பேஸ்காரர் என்று பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வருஷத்திலேயே இடத்தைப் பறித்தது அதைவிடப் பெரிய பிழை என்று நான் கருதுகிறேன்.

ஜூன் 15-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஃபென்வே பார்க்கில் யாங்கீஸை இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்று, மூன்று ஆட்டங்களையும் பாஸ்டன் கைப்பற்றிற்று. அன்றைய ரன்களில் ஒன்று டெவர்ஸ் அடித்த ஹோம் ரன். அந்தப் பருவத்தில் அவருக்கு அது பதினைந்தாவது. வெற்றியின் மகிழ்ச்சியோடு மக்கள் வீடு போய்ச் சேர்ந்த மாலைப் பொழுதிலேயே, அவர் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றப்பட்டார் என்ற செய்தி வந்தது. பாக்கி இருந்த 25 கோடிக்கு மேற்பட்ட சம்பளப் பொறுப்பை ஜயன்ட்ஸ் கழகம் ஏற்றுக்கொண்டது. நான்கு ஆட்கள் பதிலுக்கு வந்தார்கள். மற்ற ஆட்டக்காரர்கள் அன்றிரவு சியாட்டிலுக்கு விமானம் ஏறினார்கள்.

அந்த விமானத்தில் சென்றவர்களில் ரோமன் ஆண்டனி என்ற இருபத்தொரு வயதுப் பையனும் ஒருவர். முன்பு எட்வார்டோ ரோட்ரிகெஸ் என்ற பந்தெறிவாளர் பாஸ்டனைவிட்டு டெட்ராய்ட்டுக்குப் போனபோது, அந்த இழப்புக்கு ஈடாகக் கழகத்துக்குக் கிடைத்த 79-ஆவது தேர்வில் எடுக்கப்பட்டவர். மேல்நிலைக் கழகத்தில் அவர் அடியெடுத்து வைத்து ஒரு வாரம்கூட நிறையவில்லை. மறுநாள் சியாட்டிலில், முதல் இன்னிங்ஸிலேயே, தம்முடைய முதல் ஹோம் ரன்னை அடித்தார். இம்முறை நிர்வாகத்தார் ஆறு வருஷம் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் மாதத்தில், அந்தப் பையன் வந்து இரண்டு மாதம் நிறைவதற்கு முன்னதாகவே, எட்டு வருஷத்துக்கு 13 கோடி டாலர் என்று எழுதிய காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆண்டனி கையெழுத்திட்டார்.

(தொடரும்)