ஒன்றேகால் கிலோவில் ஒரு வீடு!

பெண் பிள்ளைகள் வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதலில் ஒரு ஸ்கூட்டர் வாங்குவார்கள். அப்புறம் நல்லதாக ஒரு போன். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது - மலை! "இமயமலைக்கு டிரெக்கிங் போறோம்மா" என்ற குரல் உங்கள் வீட்டிலும் இன்றோ நாளையோ கேட்கும். கூடவே ஒரு நீளமான பட்டியலும் வரும். அந்தப் பட்டியலில் விலை அதிகமானதும், நமக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாததும் எது தெரியுமா? டெண்ட்! ஒரே ஒரு ஆள் படுக்கிற, முதுகில் சுமந்து போகிற கூடாரம்.

"அதெல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க" என்று ஒதுங்கிவிடாதீர்கள், சகோதரிகளே. துணி, தையல், ஜிப், எடை, ஈரம் - இதில் எது நமக்குத் தெரியாத விஷயம்? புடவைக் கடையில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் நாம் என்றைக்காவது எழுந்து வந்திருக்கிறோமா?

என் பெண் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளும் மூன்று தோழிகளும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு இமாசலப் பிரதேசத்தில் ஹம்ப்டா கணவாய்க்குப் போவதாக முடிவு செய்தார்கள். உயரம் சுமார் 4,270 மீட்டர். ஆளுக்கு ஒரு டெண்ட் என்று கேட்டதும் என் மாமியாருக்குத் தாங்கவில்லை. "ஏண்டி, நாலு பேரும் ஒண்ணா ஒரே கூடாரத்துல படுத்துக்கக் கூடாதா? பொம்பளப் புள்ளை தனியா துணி வீட்டுலயா தூங்குவா?" என்று கேட்டார்.

"பாட்டி, தனி டெண்டுன்னா தனியாப் போறதுன்னு அர்த்தமில்ல. நாலு டெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கும். பேசினா கேட்கும்" என்றாள் இவள்.

எனக்கு அது சரியாகவே பட்டது. ஒருத்திக்கு இருமல், ஒருத்திக்குக் குறட்டை. அது போகட்டும், மாதவிலக்கு நாட்களில் உடை மாற்றவும், நாப்கின் மாற்றவும் பெண்ணுக்கு நாலு பக்கமும் மூடிய ஒரு தனி இடம் வேண்டாமா? மலையில் குளியலறையா கட்டி வைத்திருக்கிறார்கள்? இதற்காகவே டெண்டின் வாசலுக்கு வெளியே சின்னத் திண்ணை மாதிரி மூடிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த ஷூவையும் முதுகுப்பையையும் அங்கே வைத்துவிட்டால், உள்ளே ஈரம் வராது.

சரி, எடைக்கு வருவோம். முதுகில் சுமக்கும் மொத்த பாரம் நம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மலை ஏறுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. என் பெண் 50 கிலோ. ஆக 10 கிலோ. அதில் குடிதண்ணீர் 2 லிட்டர் என்றால் 2 கிலோ போயிற்று. ஸ்லீப்பிங் பேக் ஒன்றரைக் கிலோ. குளிர் உடுப்பு, மழைக்கோட்டு, சாப்பாடு, மருந்து... மூன்று கிலோ டெண்டை வாங்கினால் எங்கே வைப்பது? அதனால்தான் இந்தக் காலத்தில் ஒரு ஆள் டெண்டுகள் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் வருகின்றன. ஒரு கிலோவுக்கும் குறைவாகக்கூட உண்டு, ஆனால் விலை எகிறிவிடும். வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் முப்பது, நாற்பதாயிரம்கூடச் சொல்கிறார்கள்.

எடையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அட்டையில் இரண்டு எடை போட்டிருப்பார்கள். ஒன்று டெண்டும் கம்பிகளும் மட்டும். மற்றொன்று முளை, கயிறு, பை எல்லாம் சேர்த்து. பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் சின்ன எடைதான்! முளை இல்லாமல் டெண்ட் நிற்குமா? பையில் என்னென்ன போகுமோ எல்லாவற்றையும் சேர்த்து வீட்டுத் தராசில் போடுங்கள். நாங்கள் வாங்கியது அட்டையில் 1 கிலோ 100 கிராம். தராசில் 1 கிலோ 260 கிராம். அதுவும் பரவாயில்லை, ஒரு பாக்கெட் துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

டெண்டே இல்லாமல் நடந்த பாட்டி ஒருவர் உண்டு. அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று பெயர். பதினோரு பிள்ளை பெற்றவர். 1955-ல், தமது 67-வது வயதில், ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை அப்பலாச்சியன் மலைப்பாதையில் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தன்னந்தனியாக நடந்தார். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ, தோளில் தாமே தைத்த ஒரு துணிப்பை, மழைக்குக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை! கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் 4,000 மீட்டர் உயரத்தில், பனிக்கட்டிக்குப் பக்கத்தில், நம் பிள்ளையை அப்படி அனுப்ப மனம் வருமா? ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். மணாலியே 2,000 மீட்டர். அங்கிருந்து கணவாய்க்கு ஏறும்போது 13, 14 டிகிரி குறைந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குளிரைக்கூடத் தாங்கலாம், ஈரத்தோடு சேர்ந்த குளிர்தான் ஆபத்து. நனைந்த உடம்பில் காற்று அடித்தால் உடல் சூடு இறங்கிக்கொண்டே போகும். 35 டிகிரிக்குக் கீழே போனால் நடுக்கம், பேச்சுக் குழறல், கை தடுமாறுதல், அப்புறம் ஒரு விதமான மயக்கம். வாத்து இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் நனைந்தால், நனைந்த இலவம்பஞ்சு மெத்தை மாதிரி கட்டி கட்டியாகிச் சூடே தராது. ஆகவே எடை குறைவு என்பது இரண்டாவது கேள்வி. ராத்திரி முழுக்கப் பிள்ளை காய்ந்து கிடப்பாளா என்பதே முதல் கேள்வி.

ஈரம் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை, உள்ளேயிருந்தும் வரும்! ஒரு ராத்திரி மூச்சிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் வரை ஆவியாக வெளியே போகிறது. அது குளிர்ந்த துணியில் பட்டதும், ஐஸ் தண்ணீர் வைத்த எவர்சில்வர் டம்ளர் வியர்க்கிற மாதிரி முத்து முத்தாக நிற்கும். விடியற்காலையில் தலையில் சொட்டும். இதற்கு வழிதான் இரட்டைத் துணி டெண்ட். உள்ளே கொசுவலை மாதிரி ஒன்று, வெளியே மழைத்துணி ஒன்று, நடுவில் நாலு விரல் இடைவெளி. வெளித்துணி வியர்த்தாலும் நம் மேல் படாது. ஒற்றைத் துணி டெண்ட் எடை குறைவு என்று கடைக்காரர் சொல்வார். காற்றோட்டம் சரியாக அமையாவிட்டால் காலையில் எல்லாம் ஈரம். முதல் தடவை போகிற பிள்ளைக்கு இரட்டைத் துணியே நல்லது. மேலே சின்ன ஜன்னல் மாதிரி காற்றுவழி இருக்க வேண்டும். குளிருகிறது என்று அதை மூடிவிடக் கூடாது. சமையலறை ஜன்னலை மூடிக்கொண்டு இட்லி அவித்த கதையாகிவிடும்.

துணியைப் பற்றி இரண்டு எண்கள் தெரிந்திருந்தால் போதும். ஒன்று டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அது அந்த நூலின் டெனியர். பட்டுப்பூச்சி விடும் ஒற்றை இழை கிட்டத்தட்ட ஒரு டெனியர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! லேசான டெண்டுகள் 10-லிருந்து 20 டெனியர் நூலில் வருகின்றன. ஜார்ஜெட்டைவிட மெல்லிசாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கூரான கல்லுக்குத்தான், அடியில் ஒரு விரிப்புப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது எண் மில்லிமீட்டரில் இருக்கும். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எவ்வளவு உயரம் வரும்வரை கசியாமல் தாங்குகிறது என்ற அளவு அது. மேல்துணிக்கு 1,500 முதல் 3,000 மி.மீ. வரை இருந்தால் நல்ல மழையைத் தாங்கும். தரைத்துணிக்கு இன்னும் கூடுதலாக இருந்தால் நல்லது. ஏனென்றால் முழங்காலை ஊன்றும்போது அழுத்தம் அங்கேதான்.

நைலான் நனைந்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துத் தொய்யும். தூங்குமுன் ஒரு தடவை வெளியே வந்து கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. தையல் ஓரங்களில் உள்பக்கம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சிலிக்கோன் பூசிய துணியில் பட்டை ஒட்டாது. அதற்குத் தனிப் பசை தடவ வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

அளவு விஷயத்தில் அட்டையை நம்பவே நம்பாதீர்கள். "ரெண்டு பேர் தாராளமா படுக்கலாம் மேடம்" என்று எங்களிடம் ஒரு கடைப் பையன் சொன்னான். புரளாமல் படுத்தால் படுக்கலாம்! ஒரு ஆளுக்கு உள்நீளம் 7 அடி வேண்டும். ஐந்தரை அடிப் பெண்ணுக்கு எதற்கு ஏழடி என்றால், துணி சரிவாக இறங்குவதால் காலும் தலையும் சுவரில் முட்டும். முட்டிய இடம் நனையும். உயரம் ஒரு மீட்டர் இருந்தால் உட்கார்ந்து தலை பின்னலாம், உடை மாற்றலாம். அதற்குக் குறைந்தால் படுத்துக்கொண்டே எல்லாம் செய்ய வேண்டும். என் பெண்ணைக் கடையிலேயே டெண்டை விரிக்கச் சொல்லி, உள்ளே படுக்க வைத்து, எழுந்து உட்காரச் சொல்லிப் பார்த்தேன். கடையில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

டெண்ட் நிற்பதில் இரண்டு ஜாதி உண்டு. வளைந்த கம்பிகளால் தானே நிற்பது ஒன்று. நடக்கும்போது ஊன்றிக்கொள்ளும் கைத்தடியையே நடுத்தூணாக வைத்து, கயிறு இழுத்துக் கட்டி நிறுத்துவது இன்னொன்று. பின்னது எடை ரொம்பக் குறைவு. ஆனால் முளை ஆழமாக இறங்கினால்தான் நிற்கும். ஹம்ப்டாவில் குலு பக்கம் புல்வெளி, மழை. கணவாயைத் தாண்டி லாஹோல் பக்கம் இறங்கினால் மழை மறைவுப் பிரதேசம், ஒரே கல்லும் காற்றும். அந்தக் கல்தரையில் முளை எங்கே இறங்கும்? அதனால் தானே நிற்பதைத் தேர்ந்தெடுத்தோம். கம்பி அலுமினியமாக இருக்கட்டும். ஃபைபர் கிளாஸ் மலிவு. எடை கூடுதல், குளிரில் பிளக்கவும் செய்யும்.

இன்னொரு விஷயம், வெளித்துணியும் உள்வலையும் ஒன்றாகச் சேர்ந்தே எழும்பும்படி இருந்தால் மழையில் உள்ளே நனையாமல் டெண்ட் போடலாம். ஸ்வீடனில் ஹில்லெபெர்க் என்ற குடும்பத்தார் 1973-லேயே இப்படி ஒரு டெண்டை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். யோசனை கணவர் போவினுடையது; தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்தது மனைவி ரெனாட்டே. (தைத்தவர் பெயரையும் சொல்ல வேண்டாமா?)

வாங்கியதும் நேரே மலைக்குக் கொண்டு போகக் கூடாது. எங்கள் திருச்சி வீட்டு மொட்டை மாடியில்தான் முதல் பரீட்சை நடந்தது. காங்கிரீட்டில் முளை இறங்காது, அதற்குப் பதில் நாலு செங்கல், இரண்டு பூந்தொட்டி. மாமியார் கையில் கடிகாரத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்! முதல் தடவை பதினெட்டு நிமிஷம். ஐந்தாம் தடவை ஏழு நிமிஷம். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் ஒரு தடவை. பிறகு செடிக்கு ஊற்றும் ஹோஸ் குழாயை எடுத்து அரை மணி நேரம் மேலேயிருந்து தண்ணீர் அடித்தேன். "போதும்மா, தண்ணி வீணாகுது" என்று உள்ளேயிருந்து சத்தம். "மூலையைப் பாரு, ஜிப் ஓரத்தைத் தடவிப் பாரு, முட்டி போட்டுத் தரையை அழுத்திப் பாரு" என்று வெளியேயிருந்து நான். ஒரு மூலையில் லேசாகக் கசிந்தது. தையலில் பசை தடவி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி அடித்தோம். அன்று ராத்திரி அதற்குள்ளேயே தூங்கினாள்.

அவள் பையை எடுத்துக் கிளம்புமுன் ஒன்றை மட்டும் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னேன். எவ்வளவு குளிரானாலும் டெண்டுக்குள் அடுப்போ, ஹீட்டரோ, கரியோ கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2020 ஜனவரியில் நேபாளத்தில் தாமன் என்ற ஊரில், விடுதி அறைக்குள் கேஸ் ஹீட்டரோடு தூங்கிய கேரளத்துச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் குழந்தைகளோடு இறந்தார்களே, நினைவிருக்கிறதா? அது சுவர் வைத்த அறை. துணி டெண்டில் தீப்பிடிக்கும் பயமும் சேர்கிறது.

டெண்ட் கையில் இருக்கிறது என்று நினைத்த இடத்தில் விரித்துவிடவும் முடியாது. உத்தரகண்டில் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2018-ல் தடை செய்தது. நம் ஊரில் 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததை எந்தத் தாய் மறப்பாள்? வனத்துறை அனுமதி, உள்ளூர் வழிகாட்டி, வீட்டில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்த பாதை - இந்த மூன்றும் முடிந்த பிறகே பயணச் சீட்டு. ஒரே ஒரு தடவைதான் போகப் போகிறார்கள் என்றால் வாங்கவும் வேண்டாம். மணாலியில் வாடகைக்குக் கிடைக்கிறது. அதையும் ஒரு தடவை விரித்துப் பார்த்தே எடுக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் பிள்ளைகள் பையை மூலையில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அன்றைக்கே டெண்டை எடுத்து நிழலில் கொடியில் போட்டுவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும்; உள்பூச்சு பிசுபிசுத்துக் கெட்ட வாடை அடிக்கும், அப்புறம் மழை தாங்காது. வெயிலில் நாள் கணக்காகவும் போடக் கூடாது, நைலான் இற்றுவிடும். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம். மண் இருந்தால் ஸ்பாஞ்சும் லேசான சோப்புத் தண்ணீரும் போதும். கடையில் கொடுத்த சின்னப் பையில் திணிக்காமல், பழைய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டுப் பரணில் வையுங்கள். முளைகளை எண்ணி வையுங்கள். எங்கள் வீட்டிலிருந்து எட்டு போயிற்று, ஏழுதான் வந்திருக்கிறது. எட்டாவதை எந்த இமயமலைக் கல்லுக்கடியில் விட்டு வந்தாளோ!