குர்துபாவில் ஒரு நாள்: பள்ளிவாசலைக் கடைசியில் பாருங்கள்

ஸ்பெயினுக்குச் சுற்றுலா செல்லும் எம்மவர்கள் குர்துபாவுக்குப் பெரும்பாலும் ஒரு நாளைத்தான் ஒதுக்குகிறார்கள். மெட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்து சேரலாம். நேரே பெரிய பள்ளிவாசலுக்குப் போய், சிவப்பும் வெள்ளையுமான வளைவுகளின் கீழ் நின்று படம் எடுத்து, "எம்மிடமிருந்து பறிபோனது" என்று முகநூலில் எழுதிவிட்டு மாலை ரயிலில் திரும்புகிறார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். 1236இல் நகரைக் கைப்பற்றிய மூன்றாம் பெர்னாந்து மன்னர் பள்ளிவாசலைத் தேவாலயமாக்கினார். இன்றும் அது தேவாலயமே. ஆனால் அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டால் குர்துபாவின் கதையில் பாதிகூட எமக்குக் கிடைக்காது.

என் யோசனை இதுதான். காலையில் நகருக்கு வெளியே, மேற்கே சுமார் 8 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவுக்கு முதலில் போங்கள். நகரிலிருந்து பஸ் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் மூடிவிடுவார்கள், கவனம்.

929இல் தன்னைக் கலீபாவாக அறிவித்த மூன்றாம் அப்துர் ரஹ்மான் கட்டிய அரண்மனை நகர் அது. வேலை 936இல் தொடங்கியதாக அறபு நூல்கள் கூறுகின்றன. மலைச்சரிவில் படிப்படியாக மூன்று தளங்கள்: மேலே அரண்மனை, நடுவில் தோட்டங்கள், கீழே பள்ளிவாசலும் மக்கள் குடியிருப்பும். 1911 முதல் தோண்டுகிறார்கள். இதுவரை வெளிவந்தது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். 2018இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. செதுக்கிய பளிங்குத் துண்டுகளை ஊழியர்கள் நிலத்தில் வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள், எது எதோடு பொருந்தும் என்று இன்னும் தேடியபடி.

இந்த நகர் எண்பது ஆண்டுகள்கூட வாழவில்லை. இதை அழித்தது யார் என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் "கிறிஸ்தவர்கள், சேர்!" என்றுதான் சொல்வார்கள். அப்படியல்ல. 1009இல் கலீபா பதவிக்காக முஸ்லிம்களுக்கிடையே உள்நாட்டுப் போர் வெடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் படையினரும் குர்துபா மக்களுமே அரண்மனையைச் சூறையாடினார்கள். 1031இல் கிலாபத்தே முடிந்துவிட்டது. தூண்களையும் பளிங்கையும் ஆட்கள் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். பெர்னாந்து வந்தது அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர். எமது மேடைப் பேச்சுகளில் இந்தப் பக்கம் எப்போதும் விடுபட்டுப் போகிறது.

மதியம் நகருக்குத் திரும்பினால் ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடக்கலாம். ரோமர் போட்ட பாலம் அது, 16 வளைவுகள். அதன் பிறகு முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பலமுறை திருத்தியதால் இன்று தெரியும் கற்களில் பெரும்பாலானவை ரோமருடையவை அல்ல. ஆற்றின் பெயர் குவாதல்கிவிர். மெதுவாக உச்சரித்துப் பாருங்கள்: அல்வாதி அல்கபீர், பெரிய ஆறு!

இப்போது பள்ளிவாசலுக்குள் போங்கள். முதலாம் அப்துர் ரஹ்மான் 785இல் தொடங்கினார். தூண்களை உற்றுப் பாருங்கள். பழைய பகுதியில் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ரோமர், விசிகோத்தியர் கட்டடங்களிலிருந்து எடுத்தவை. அவை குட்டையானவை, அவற்றின் மேல் நேரே கூரை போட்டால் இவ்வளவு பெரிய மண்டபம் இருண்டு அமுங்கிப் போயிருக்கும். அதனால் கட்டியவர்கள் ஒரு வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு வைத்தார்கள். மேல்வளைவு கூரையைத் தாங்குகிறது, கீழ்வளைவு தூண்கள் சரியாமல் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு செங்கல், வெள்ளை கல். கையில் கிடைத்த பழைய பொருளின் குறையைச் சமாளிக்கப் போய்ப் பிறந்த அழகு அது.

மிஹ்ராபின் பொன்னிற மொசைக் இரண்டாம் ஹகம் காலத்தது. அதற்குக் கொன்ஸ்தாந்திநோபிளின் கிறிஸ்தவப் பேரரசர் கைவினைஞரையும் மொசைக் கற்களையும் அனுப்பினார் என்று இப்னு இதாரி எழுதியிருக்கிறார். அடுத்து வந்த அல்மன்ஸூர் 997இல் சந்தியாகோ தேவாலயத்தின் மணிகளைக் கொண்டுவந்து இங்கே விளக்குகளாகத் தொங்கவிட்டார். 1236இல் பெர்னாந்து அவற்றை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறு ஆகாது.

நடுவில் எழுந்து நிற்கும் பெரிய தேவாலயக் கட்டடம் 1523இல் தொடங்கியது. அப்போது அதை எதிர்த்தது குர்துபா நகரசபை, கிறிஸ்தவர்களின் சபை. இடிக்கும் வேலையில் சேரும் தொழிலாளிக்கு மரண தண்டனை என்றுகூட அறிவித்தது. பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் பிஷப்பின் பக்கம் நின்றதால் வேலை நடந்தது. தூண்கள் பல போயின. ஆனாலும் 850க்கு மேல் இன்றும் நிற்கின்றன. வழிபாடு நடந்ததால் கூரையைப் பராமரிக்க எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். காலையில் நீங்கள் பார்த்த அரண்மனைக்கு அப்படி எவரும் இருக்கவில்லை. கைமாறியது நியாயம் என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு இழப்பு என்ற சொல்லின் பொருள் கொஞ்சம் மாறும் என்பதே நான் சொல்வது.

உள்ளே தொழ அனுமதி இல்லை. காவலர்கள் தடுப்பார்கள், வாக்குவாதம் வேண்டாம். கொலோன் சதுக்கத் தோட்டத்தில் மொராபிட்டோ என்ற சிறிய பள்ளிவாசல் இருக்கிறது.

நேரம் மிஞ்சினால் யூதர் தெருவில் 1315இல் கட்டிய சிறு ஜெப ஆலயத்தைப் பாருங்கள். சுவர் முழுக்க முஸ்லிம் கட்டடக் கலையின் சுண்ண வேலைப்பாடு. அருகிலேயே இப்னு ருஷ்து, யூத அறிஞர் இப்னு மைமூன் ஆகியோரின் சிலைகள். இருவரும் குர்துபாவில் பிறந்தவர்கள். முவஹ்ஹிதுகளின் ஆட்சியில் மைமூனின் குடும்பம் ஊரை விட்டுப் போனது. 1195இல் இப்னு ருஷ்தும் நாடு கடத்தப்பட்டார். அங்கே எல்லோரும் எப்போதும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வதையும் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

புறப்படுமுன் மணிக்கோபுரத்தில் ஏறுங்கள், அதற்குத் தனி டிக்கெட். மூன்றாம் அப்துர் ரஹ்மானின் மினாராவைச் சுற்றித்தான் அதைக் கட்டினார்கள். ஏறும் வழியில் பழைய மினாராவின் கற்கள் தெரியும்.