இரக்கம் பெற்றவர் சாட்சி

தாம் பெற்ற தேவ இரக்கத்தைப் பிறர் திடங்கொள்ளும் பொருட்டு எடுத்துரைப்பதைக் கிறிஸ்தவர்கள் 'சாட்சி' என்பர். திருச்சபையைத் துன்புறுத்திய தமக்குக் கிடைத்த இரக்கம் பின்வருவோர்க்கும் நம்பிக்கை தருவதற்கே என்பது பவுல் அப்போஸ்தலரின் கருத்து.

ஆங்கிலேய மாலுமி ஜோன் நியூற்றன், 1748இல் அத்திலாந்திக் கடலிலே புயலில் அகப்பட்டு இறைவனிடம் இரக்கம் வேண்டினார், கப்பல் கரைசேர்ந்தது. இக்கதையைப் பலர் இவ்விடத்திலேயே முடித்துவிடுகின்றனர். அது பெருங் குறையாகும். அதன் பின்னரும் அவர் 1754 வரை ஆபிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச்செல்லும் கப்பல்களிலே தொழில் புரிந்தார். மூன்று பயணங்களில் கப்பற்றலைவராகவும் இருந்தார். குருவாக அபிஷேகம் பெற்ற 1764ஆம் ஆண்டிலே தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அந்நூல் மனந்தளர்ந்தோர் பலரைத் தேற்றியது. ஆயினும், சிறைக்காவலனுடையதை ஒத்த அத்தொழில் தமக்கு ஒவ்வவில்லை என்றாரேயன்றி, அதனைப் பாவமென்று அதிற் கூறினாரல்லர்.

1788இலேதான், தாம் கண்டவற்றையும் செய்தவற்றையும் வெட்கத்துடன் ஒரு சிறுநூலில் எழுதினார். 1790இற் பாராளுமன்றக் குழுவின் முன்னிலையிலும் சாட்சி பகர்ந்தார். ஆலயத்திற் பழகிய அச்சொல் ஈண்டு வழக்குமன்றப் பொருளையும் பெற்றது. அவ்வாணிகத்தைத் தடுக்கும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரில் நியூற்றன் காலமானார்.