இடம் பெயர்ந்த ரயில் நிலையம்

சங்கத்தில் சேரும் அன்பர்கள் பங்குத் தொகையைச் செலுத்திக் கையெழுத்திடுகிறார்கள். ஆனால் துணைவிதிகளில் ‘பொறுப்பு’ என்று தலைப்பிட்ட பகுதியை நின்று படிப்பவர் மிகச் சிலரே. சங்கம் நொடித்துப் போனால் பங்குத் தொகையோடு நஷ்டம் நின்றுவிடுமா, அல்லது வீடு வாசலையும் தொடருமா என்பது அப்பகுதியில்தான் அடங்கியிருக்கிறது. இதை விளக்க நாம் வழக்கமாகச் சட்டப் பிரிவுகளையே எடுத்துரைப்போம். கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஆகவே இம்முறை ஒரு ரயில் நிலையத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம்.

இங்கிலாந்தின் வடகிழக்கே டர்ஹம் என்னும் ஜில்லா இருக்கிறது. பூமிக்கு மேல் ஆட்டு மந்தைகளும் குளிர் காற்றும். பூமிக்குக் கீழே நிலக்கரி. மேற்கே ஸ்டான்ஹோப் என்ற ஊரில் சுண்ணாம்புக் கல் ஏராளம். கல்லையும் கரியையும் கிழக்கே சவுத் ஷீல்ட்ஸ் துறைக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்ற வேண்டுமென்று ‘ஸ்டான்ஹோப் அண்டு டைன்’ என்ற கம்பெனி 1834-இல் ஏறக்குறைய 34 மைல் நீளமுள்ள பாதையைத் திறந்தது. பாதை 1,400 அடிக்கும் மேற்பட்ட உயரத்திற்கு ஏறி இறங்கிற்று. மேட்டின் உச்சியில் நிலையாக நிறுத்திய நீராவி யந்திரம் கயிறு கட்டி வண்டிகளை இழுக்கும். சில இடங்களில் குதிரை இழுக்கும். சமதரையில் மட்டும் ரயில் எஞ்சின் ஓடும்.

அக்காலத்தில் ரயில் கம்பெனிகள் பார்லிமெண்டில் தனிச் சட்டம் பெற்று நிலத்தை வாங்குவதே வழக்கம். இக்கம்பெனி அவ்வழியை நாடாமல், நிலச்சுவான்தார்களிடம் வழிவாடகை பேசிக்கொண்டது. அதாவது, அவரவர் நிலத்தின் மேல் தண்டவாளம் செல்வதற்கு ஆண்டுதோறும் வாடகை. தொடக்கத்தில் இது மலிவாகத் தோன்றியிருக்கும். பிறகு வாடகை மட்டுமே ஆண்டுக்கு 5,000 இங்கிலாந்துப் பவுனுக்கு மேல் போயிற்று. கரியில் கிடைத்த வரும்படியைச் சுண்ணாம்பு தின்றது. கடனை அடைக்கக் கடன் வாங்கினார்கள். கணக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த நோய் புதிதன்று. முடிவில் கடன் 4 லட்சம் பவுனைத் தாண்டிற்று.

கம்பெனி வரையறையற்ற பொறுப்புடையது. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தவரும் முழுக் கடனுக்கும் கட்டுப்பட்டவர். அப்படி அகப்பட்டவர்களில் ஒருவர் புகழ் பெற்ற எஞ்சினியர் ராபர்ட் ஸ்டீபன்சன். இப்பாதைக்கு ஆலோசனை கூறியதற்கான 1,000 பவுன் ஊதியத்தை அவர் ரொக்கமாக வாங்காமல் பங்குகளாக வாங்கிக்கொண்டார். லண்டனிலிருந்து பர்மிங்ஹாம் வரை பெரும் ரயில் பாதை போட்டுக் கொண்டிருந்தவருக்கு, இச்சிறு கம்பெனியின் பேரேட்டைப் புரட்ட ஓய்வு ஏது? கடன்காரர்கள் வாசலில் வந்து நின்றபோதுதான் தம் சொத்து முழுவதும் ஆபத்திலிருப்பதை அவர் உணர்ந்தார். 1841-இல் பழைய கம்பெனியைக் கலைத்தார்கள். மறு ஆண்டு பார்லிமெண்டின் சட்டப்படி அமைந்த புதிய கம்பெனி கடன்களை ஏற்றது. இதற்காக ஸ்டீபன்சன் 20,000 பவுன் திரட்ட வேண்டியதாயிற்று. தம் எஞ்சின் தொழிற்சாலையில் தமக்கிருந்த பங்கில் பாதியை விட்டுக்கொடுத்தார்.

நம் நாட்டில் 1904-ஆம் ஆண்டுச் சட்டமும் கிராமச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பையே விதித்திருந்தது. அதைக் கொடுமை என்று நாம் சொல்லமாட்டோம். ஒரே ஊரார், ஒருவரையொருவர் அறிந்தவர்கள், யார் கடன் எதற்குப் போகிறது என்று கண்ணால் காண்பவர்கள் அப்பொறுப்பைச் சுமக்கலாம். கணக்கையே பாராதவர் சுமப்பதுதான் அபாயம்.

பாதையின் மேற்குப் பகுதி, கன்செட் என்ற ஊரில் இரும்பு உருக்கத் தொடங்கிய டெர்வென்ட் கம்பெனியின் கைக்கு மாறிற்று. இரும்புக்குச் சுண்ணாம்புக் கல் வேண்டுமல்லவா? அவ்வழியில் 1845-இல் பிரயாணிகளுக்கென ஒரு நிலையம் திறந்தார்கள். பெயர் ‘கோல்ட் ரௌலி’, அதாவது குளிர்ந்த ரௌலி. 1867-இல் கல்லால் புதுக் கட்டிடம் எழுப்பி, மறு ஆண்டு பெயரிலிருந்த குளிரை மட்டும் நீக்கினார்கள். ஊர் மிகச் சிறியது. பெண்களுக்குத் தனிக் காத்திருப்பு அறை உண்டு. ஆனால் எரிவாயு விளக்கோ மின்சாரமோ அந்நிலையத்திற்குக் கடைசி வரை வரவில்லை. எண்ணெய் விளக்கையே ஏற்றினார்கள். 1939-இல் பிரயாணிகள் போக்குவரத்து நின்றது. 1966-இல் சரக்கும் நின்றது. கன்செட் உருக்காலை 1980-இல் மூடப்பட்டபோது ஏறக்குறைய 3,700 பேர் வேலை இழந்தார்கள். தண்டவாளம் கிடந்த வழியில் இப்போது சைக்கிள்கள் போகின்றன.

ஆனால் கட்டிடம் அழியவில்லை. பிராங்க் அட்கின்சன், வடநாட்டு உழைப்பாளிகளின் வாழ்க்கை கண்ணெதிரே மறைவதைக் கண்டு, 1970-இல் பீமிஷ் என்ற இடத்தில் திறந்தவெளிக் காட்சிச்சாலையை நிறுவியவர். ஜனங்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதென்பது அவர் கொள்கை. ரௌலி நிலையத்தை 1972-இல் பிரித்தெடுத்துப் பீமிஷில் மறுபடி கட்டினார்கள். 1976-இல் கவிஞர் ஜான் பெட்ஜமன் திறந்து வைத்தார்.

அங்கே மற்றொரு கட்டிடமும் வந்து சேர்ந்தது. அதே பழைய பாதை சென்ற ஊர்களில் ஆன்ஃபீல்ட் பிளெய்ன் ஒன்று. அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கம் 1870-இல் தோன்றியது. ரௌலி திறப்பதற்கு முந்திய ஆண்டில், ராச்டேலில் நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் தொடங்கிய முறைதான்: நியாய விலை, அங்கத்தினருக்குச் சம வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ப இலாபத்தில் பங்கு. அக்கடையையும் பெயர்த்து வந்து 1984-இல் பீமிஷில் திறந்தார்கள்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் கூட்டுறவுக் கடைகளில் ஒவ்வொரு அங்கத்தினருக்கும் ஓர் எண் இருந்தது. சாமான் வாங்கும்போதெல்லாம் எண்ணைச் சொன்னால்தான் அந்தத் தொகை அவர் கணக்கில் ஏறிற்று. கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், தாயின் எண்ணை முதுமை வரை மறக்காமல் ஒப்பித்ததுண்டு. ரௌலி நிலையத்திலிருந்து சற்றே நடந்தால் ஆன்ஃபீல்ட் பிளெய்ன் கடை. மளிகை ஒரு பக்கம், துணி ஒரு பக்கம், இரும்புச் சாமான் ஒரு பக்கம். கொடுத்த காசு ஒரு பந்துக்குள் அடங்கித் தலைக்கு மேலே சரிவான தடத்தில் உருண்டு கணக்கரின் அறைக்குச் சென்று, ரசீதும் சில்லறையுமாகத் திரும்பி வரும்.